ட்வெய்ட்டாவில் பார்த்த வீடு

பல்கனிக் கதவு இறுகிப்போயிருந்தது. வீடு காட்ட வந்திருந்த இளம்பெண் இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, ஈரக் காலத்தில் அது இப்படித்தான் அடம்பிடிக்கும் என்று வெட்கத்தோடு சிரித்தாள். ஜெயரத்தினம் அவளை மெல்ல விலகச் சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பற்றிக் கதவைக் கொஞ்சம் மேலே தூக்கினார். அது சத்தமே இல்லாமல் திறந்துகொண்டது. சொந்த வீட்டுக் கதவைத் திறக்கிறவர் போல இருந்தது அவருடைய முகம்.

ஒஸ்லோவின் ட்வெய்ட்டாவில், கடைத்தொகுதிக்குப் பக்கத்தில் நிற்கும் உயரமான கட்டடம் ஒன்றின் ஒன்பதாம் மாடி அது. ஞாயிற்றுக்கிழமை. வீடு பார்க்க வந்த எல்லோரையும் போல அவரும் மனைவி சத்தியபாமாவும் சப்பாத்துகளுக்கு மேல் நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்தார்கள். பல்கனியில் இருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்தது. சரக்குக் கிடங்குகள், தண்டவாளங்கள், அடுக்கிவைத்த கொள்கலன்கள், வரிசையில் நிற்கும் லொறிகள். வேறு ஆட்கள் அந்தப் பக்கம் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்கள். ஜெயரத்தினத்துக்குத்தான் அது பிடித்திருந்தது.

"பாமா, அங்கை பாரும். அந்தச் சாம்பல் கூரைதான் எங்கடை கிடங்கு. நான் வேலை செய்யிறனோ நித்திரை கொள்ளுறனோ எண்டு இனி நீர் இஞ்சை நிண்டே வேவு பாக்கலாம்."

அவ்வளவு தூரத்தில் ஆள் தெரியாது என்றாள் அவள். சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு போவதாகச் சொன்னார். பிறகு குசினிக்குள் போய், அடுப்பின் கீழிருந்த ஓவன் கதவைத் திறந்து, தலையை உள்ளே நீட்டி மோந்து பார்த்தார். எந்த வீடு பார்க்கப் போனாலும் அவர் அதைச் செய்வார். மனிதர்கள் வீட்டைப் பூசி மெழுகி ஏமாற்றலாம், ஓவனின் வாசம் ஏமாற்றாது என்பது அவருடைய கட்சி. "கேக் சுட்ட வீடு," என்றார் அவளுடைய காதுக்குள். "சண்டை சச்சரவில்லாத சனம் இருந்திருக்கு."

தாங்கள் குடியிருந்த ஹவுகன்ஸ்டுவாவுக்குத் திரும்பும் பஸ்ஸில், குடிபோகும்வரை ஒருவருக்கும் மூச்சு விடக்கூடாது என்றார். முக்கியமாக உதயாவுக்கு. உதயகுமாரி சத்தியபாமாவின் தங்கை. உதயாவின் கண் பொல்லாத கண் என்று அவர் சொல்லவில்லை. உதயாவுக்குச் சொன்னால் அவளுடைய கணவன் சந்திரகுமாருக்குத் தெரியும். சந்திரகுமாருக்குத் தெரிந்தால் கோயிலில் தெரியும். கோயிலில் தெரிந்தால் பால் வாங்கும் முன்னமே பொங்கி வழிந்துவிடும். இதில் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஒஸ்லோவில் வீடு தேடுகிற நம்மவர்கள் எல்லோரும் இப்படித்தான். வாராவாரம் ஒன்றாக இருந்து சாப்பிடுகிறவர்கள், விஸ்னிங் என்று நோர்வேக்காரர் சொல்லும் அந்த வீடு காட்டும் நாளில் ஒருவரையொருவர் கண்டால், ஏதோ திருட வந்தவர்கள் போல முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கேட்டால், சும்மா வடிவு பார்க்க வந்தோம் என்பார்கள்.

ஜெயரத்தினம் ஏலத்தில் கலந்துகொள்ளவே இல்லை. அதற்குக் காரணம் இருந்தது. நோர்வேக்கு வந்து முதல் சம்பளம் எடுத்த வாரமே, கிடங்கில் கூட வேலை செய்த பாகிஸ்தானியர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, வீட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தவராகச் சேர்ந்தவர் அவர். ஏலத்தில் யார் வென்றாலும், அவரைவிட அதிக காலம் அங்கத்தவராக இருக்கும் ஒருவர் சில நாட்களுக்குள் முன்வந்து, அதே விலைக்கு அந்த வீட்டைத் தான் எடுத்துக்கொள்ளலாம். அதுதான் முன்னுரிமை. மற்றவர்கள் முட்டி மோதி விலையை முடிவு செய்யட்டும், நாங்கள் ஆறுதலாகக் கடைசியில் போய்க் கதவைத் தட்டுவோம் என்பார் அவர். செவ்வாய்க்கிழமை வீடு விற்றாகிவிட்டது என்று செய்தி வந்தது. முன்னுரிமை கேட்க அடுத்த புதன்வரை தவணை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து சங்கத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கதைக்கிறேன் என்றார்.

வியாழக்கிழமை காலை, இடைவேளையின்போது, கிடங்கில் பலகைத் தட்டுகளின் மேல் தேநீரோடு உட்கார்ந்தவர் எழும்பவில்லை.

*

பொறாமை சத்தியபாமாவுக்குப் புதிதில்லை. ஆனால் அதுவரை அது ஒரு மூலையில் சுருண்டு கிடந்த பூனைதான். உதயா முதல் தரத்திலேயே கார் ஓட்டப் பழகி அனுமதிப்பத்திரம் எடுத்தவள். சத்தியபாமா பல தரம் தோற்று, கடைசியில் பஸ்ஸே போதும் என்று விட்டவள். உதயாவுக்குப் பல் வைத்தியசாலையில் வெள்ளை உடுப்பு வேலை. சத்தியபாமாவுக்கு முதியோர் இல்லத்தில் இடுப்பு முறிகிற வேலை. ஒருமுறை விருந்தில் எல்லோருக்கும் முன்னால் ஜெயரத்தினம், உதயாவின் இறால் குழம்புக்கு ஈடில்லை என்று சொல்லிவிட்டார். அந்த மாதம் முழுக்கச் சத்தியபாமா வீட்டுக்கு இறால் வாங்கவில்லை.

இத்தனைக்கும் எதிராகத் தராசின் மறுதட்டில் வைக்க அவளிடம் ஒன்று இருந்தது. அவளுடைய கணவர் அவளைச் சிரிக்கவைப்பார். சந்திரகுமாரோ எந்தச் சபையில் இருந்தாலும் கார்ச் சில்லுகளைப் பற்றியே கதைக்கிற மனிதர். குளிர்காலத்துச் சில்லை எப்போது மாற்றவேண்டும், எங்கே மலிவு, எந்தச் சில்லு பனியில் வழுக்கும். உதயா பக்கத்தில் இருந்து கொட்டாவியை விழுங்குவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் சத்தியபாமா, இந்த ஒன்றில் நான் வென்றவள் என்று நினைத்துக்கொள்வாள்.

இப்போது அந்தத் தட்டு வெறுமையாகிவிட்டது.

செத்த வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கீழ் மாடிப் பாகிஸ்தானியப் பெண் பெரிய பானையில் சோறு கொண்டுவந்தாள். கிடங்கில் இருந்து போலந்துக்காரர்களும் சோமாலியர்களும் வந்து, என்ன சொல்வதென்று தெரியாமல் தொப்பியைக் கையில் பிடித்தபடி வரிசையாக நின்றார்கள். ட்ரொண்ட்ஹைமில் படிக்கும் மகள் சாருகா முதல் ரயிலில் வந்துவிட்டாள். உதயா வேலைக்கு விடுப்பு எடுத்து அக்காவின் குசினியைப் பொறுப்பெடுத்தாள். குறை சொல்ல இடமே வைக்கவில்லை. தேநீர் ஆறாமல் வந்தது, பாத்திரம் தேங்காமல் கழுவப்பட்டது, சத்தியபாமா சாப்பிடவேண்டும் என்று தன் கையாலேயே ஊட்டினாள்.

அந்த வார இறுதியில் முதல் பனி விழுந்தது. உதயா வீட்டுக்குப் புறப்படும் நேரம். சத்தியபாமா யன்னலோரம் நின்றாள். கீழே சந்திரகுமார் காரின் கண்ணாடிகளில் இருந்த பனியைத் தூரிகையால் தட்டி, உதயா உட்காரும் பக்கத்துக் கதவையும் துடைத்துவிட்டு, உள்ளே சூடேறட்டும் என்று இயந்திரத்தை ஓடவிட்டார். உதயா வந்ததும் பனிக்குள் ஒரு முழங்காலை ஊன்றிக் குனிந்து, அவளுடைய சப்பாத்தின் திறந்திருந்த ஸிப்பை இழுத்துவிட்டார். உதயா கைத்தொலைபேசியைப் பார்த்தபடி காலை நீட்டிக்கொண்டிருந்தாள். தனக்கு ஒருவர் குனிகிறார் என்பதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

பூனை எழுந்து நின்றது.

*

திங்கட்கிழமை குசினியில் அக்காளும் தங்கையும் தனித்திருந்தார்கள். உதயா தேநீரைக் கலக்கியபடியே நின்றாள், நிறைய நேரம். பிறகு கரண்டியை வைத்தாள்.

"அக்கா, பால் காய்ச்சாமல் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு இவர் சொன்னவர். ஆனா உங்களை இந்தக் கோலத்திலை பாத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்க என்னாலை ஏலாது. நாங்கள் ட்வெய்ட்டாவிலை வீடு எடுத்திருக்கிறம். ஒன்பதாம் மாடி. ஒரு அறை உங்களுக்கு. வந்து எவ்வளவு காலமெண்டாலும் நில்லுங்கோ."

எந்தக் கட்டடம் என்று கேட்கச் சத்தியபாமாவுக்குத் தேவைப்படவில்லை. உதயாவே எல்லாம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை சனமாக இருக்கும் என்று திங்கட்கிழமை மாலை போய்ப் பார்த்தார்களாம். செவ்வாய்க்கிழமை ஏலத்தில் யாரோ ஒருவர் விலையைக் கூட்டி விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாராம், கடைசியில் களைத்துப்போய் விட்டாராம். இரண்டு குடும்பமும் ஒரே கண்ணூறுக்குப் பயந்து ஒரே வீட்டை ஒளித்துவைத்திருந்தன. ஒருவருக்கொருவர் சொல்லியிருந்தால் அன்றைக்கே ஒருவர் விட்டுக்கொடுத்திருப்பார். அநேகமாக ஜெயரத்தினம்தான். சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்திருப்பார். அந்த நினைப்பும் அவளுக்கு உதயாவின் மேல்தான் கோபமாக மாறியது.

"இவர் பின்னேரத்திலை அந்தப் பல்கனியிலை இருந்து தேத்தண்ணி குடிக்கப்போறாராம்," என்றாள் உதயா. துக்க வீட்டில் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் முடிவாயிற்று. வீடு என்றால்கூடப் பொறுத்திருப்பாள். அறை என்றால் நன்றி சொல்லியிருப்பாள். சில்லுகளைப் பற்றிக் கதைக்கிற அந்த மனிதர், அவளுடைய மனிதர் கடைசியாகச் சிரித்துக்கொண்டு நின்ற இடத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, இனி வருகிற ஒவ்வொரு மாலையும் உயிரோடு தேநீர் குடிக்கப்போகிறார்.

அவள் முகம் கழுவவேண்டும் என்று எழுந்து போனாள். படுக்கையறையில் கட்டில் நிறைய வந்தவர்களின் குளிர்ச்சட்டைகள் குவிந்து கிடந்தன. சாருகாவை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். அப்பா ஒரு வீடு பார்த்தவர், அப்பாவின் முன்னுரிமையில் அதை எடுக்கவேண்டும், சங்கத்துக்கு எடுத்துக் கதை என்றாள்.

"அம்மா, அப்பாவின்ரை உடம்பு இன்னும் ஆஸ்பத்திரியிலை கிடக்குது. இப்ப ஏனம்மா வீடு?"

"ஃபிரிஸ்ட் புதன்கிழமை."

தவணைக்கு நோர்வேக்காரரின் சொல் அது. தாயின் வாயில் அந்தச் சொல் அவ்வளவு துல்லியமாக வந்ததைக் கேட்டுச் சாருகா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சட்டைக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து, அழுதுகொண்டே தொலைபேசியை எடுத்தாள். கணவரின் அங்கத்துவக் காலம் மனைவிக்குச் சேரும் என்று அந்தப் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அனுதாபமும் தெரிவித்தார். வேலையிடத்துக் காப்புறுதியும் ஹவுகன்ஸ்டுவா வீட்டை விற்கிற பணமும் போதும் என்று அடுத்த நாள் வங்கியும் சம்மதித்தது. இதே வீட்டை ஏலத்தில் வென்றது சித்தி என்பதை மட்டும் சத்தியபாமா மகளுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் தொலைபேசியைத் தொட்டிருக்க மாட்டாள்.

தகனம் வெள்ளிக்கிழமை. முடிந்து திரும்பும்போது சத்தியபாமாவைச் சந்திரகுமாரின் காரில்தான் ஏற்றினார்கள். பின் இருக்கையில் உதயா அவளுடைய கையைப் பிடித்தபடி இருந்தாள். கொஞ்சத் தூரம் போனதும் சந்திரகுமாருக்கு அடக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த நண்பருக்குத் தணிந்த குரலில் சொன்னார். கைக்கு வந்த வீட்டை யாரோ முன்னுரிமையில் கொண்டுபோய்விட்டார்களாம்.

"ஆரும் கிழட்டு நோர்வேக்காரனாயிருக்கும். சாகிற வயசிலை அவருக்கு ஒன்பதாம் மாடி கேக்குது."

உதயா முன்னால் எட்டி அவருடைய தோளில் தட்டினாள், இந்த நேரத்தில் இந்தக் கதை வேண்டாம் என்று. சத்தியபாமா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவரை எரித்துவிட்டு வருகிற வழியில், கன்னத்துக்குள் ஒதுக்கிவைத்த கற்கண்டு கரைவது போல, உள்ளே ஏதோ ஒன்று மெல்ல இனித்தது. தங்கை பிடித்திருந்த கையை அவள் விலக்கவும் இல்லை.

*

முப்பத்தொன்றாம் நாள் கிரியை கழிந்தபின் சாமான்கள் கட்டத் தொடங்கினார்கள். உதவிக்கு வந்தவள் உதயாதான். பழைய பாத்திரங்களைப் பத்திரிகைத் தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். தனியாக இந்த வீட்டில் இருக்க முடியாமல் அக்கா எங்கோ சின்ன வீட்டுக்குப் போகிறாள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். எந்தப் பக்கம் என்று கேட்டாள்.

"ட்வெய்ட்டா," என்றாள் சத்தியபாமா.

தாள் சுற்றுகிற சத்தம் நின்றது. எத்தனையாம் மாடி என்று உதயா கேட்கவில்லை. கையில் இருந்த கிண்ணத்தைப் பாதி சுற்றியபடி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் அழுவாள், அல்லது கத்துவாள் என்று சத்தியபாமா காத்திருந்தாள். கத்தினால் திருப்பிச் சொல்ல அவளிடம் நிறைய இருந்தது.

"அந்தப் பல்கனிக் கதவு இறுக்கம்," என்றாள் உதயா கடைசியில். "கொஞ்சம் தூக்கித் திறக்கவேணும்."

"தெரியும். அத்தான் அப்படித்தான் திறந்தவர்."

உதயா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் முதலில் வந்தது கோபமில்லை. அத்தானும் அங்கே வந்தாரா என்ற ஆச்சரியம். அதன் பின்னால் மற்றது வந்தது. கிண்ணத்தைச் சுற்றி முடித்து, பெட்டிக்குள் வைத்து, பெட்டியை நாடாவால் ஒட்டிவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனாள். கதவை அடித்துச் சாத்தவும் இல்லை.

அதன்பின் சந்திரகுமார் மச்சாளோடு கதைப்பதை நிறுத்தினார். உதயாவின் தொலைபேசியும் வரவில்லை. சித்தி அழுதுகொண்டு எல்லாவற்றையும் சொன்னதாகச் சாருகா ட்ரொண்ட்ஹைமில் இருந்து எடுத்து, என்னைக்கொண்டு இதைச் செய்வித்தாயே என்று தாயிடம் கேட்டாள். சத்தியபாமா தன் பக்கத்து நியாயத்தைச் சொன்னாள். முன்னுரிமை அப்பாவினுடையது. அப்பா வெள்ளிக்கிழமை எடுத்துக் கதைத்திருந்தால் இதே வீடு இதே முறையில்தான் வந்திருக்கும். ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனாலும் மகள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

வீடு கைக்கு வந்த பிறகும் பொறாமை தீரவில்லை. அது வேறு கதிரைக்கு மாறி உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். வெறும் அறைகளில் நடக்கும்போது, இந்த நேரம் சந்திரகுமார் உதயாவுக்காகக் காரைச் சூடாக்கிக்கொண்டிருப்பார் என்று நினைத்தாள். உதயாவுக்கு அலுத்துப்போன அந்தச் சில்லுக் கதைகள்கூட, ஒரு மனிதக் குரலாக அவளுடைய வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கும் என்று நினைத்தாள்.

குடிபோகும் நாள் நெருங்கியது. அப்போதுதான் பால் காய்ச்சுகிற பிரச்சினை வந்தது. புது வீட்டு அடுப்பில் முதற்பால் வைக்கச் சுமங்கலி ஒருத்தி வேண்டும். ஆண்டுத் திவசம்கூட முடியாத அவள் தன் வீட்டுப் பாலைத் தானே வைக்க முடியாது. கோயில் பெண்கள் சிலர் தாங்கள் வருகிறோம் என்றார்கள். வந்தால், கூடப்பிறந்த தங்கை இருக்க நாங்கள் ஏன் என்று அவர்களே கேட்பார்கள். இரண்டு நாள் யோசித்துவிட்டு உதயாவுக்கு எடுத்தாள். மன்னிப்பும் கேட்கவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. பால் வைக்க ஆள் வேண்டும் என்றாள்.

"எத்தினை மணிக்கு?" என்றாள் உதயா.

*

தனியாகத்தான் வந்தாள். பட்டுச்சேலை, தலையில் பூ, கையில் புதுப் பானை. அக்காவின் முகத்தைப் பாராமல் நேரே குசினிக்குப் போனாள். பால் காய்ச்சலுக்கென்று வந்திருந்த சாருகா கதிரை மேல் ஏறி, கர்ப்பூரப் புகைக்குக் கத்தாமல் இருக்க, முகட்டில் இருந்த புகைமணிக்குக் குளியல் தொப்பி ஒன்றை மாட்டிவிட்டாள். தொப்பி ஒரு பக்கம் சரிந்து அசட்டுத்தனமாகத் தொங்கியது. வேறொரு நாள் என்றால் மூவரும் சிரித்திருப்பார்கள்.

சத்தியபாமா வழமைப்படி விலகி, குசினி வாசலுக்கு வெளியே நின்றாள். தன் வீட்டில் தன் அடுப்புக்கு முன்னால் தங்கை நிற்கிறாள். நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலிக்கொடி, கையில் அகப்பை. இந்த வீட்டை உதயாவிடம் இருந்து எடுத்துவிட்டதாக அவள் நினைத்திருந்தாள். எடுக்க முடியாதது ஒன்று இருந்தது. அது அடுப்பின் முன்னால் நின்று அவளுக்காகப் பால் வைத்துக்கொண்டிருந்தது.

பால் விளிம்புக்கு ஏறி வந்தது. உதயா அடுப்பைக் குறைக்காமல் பார்த்துக்கொண்டே சொன்னாள், திரும்பாமல்.

"நீங்கள் கேட்டிருந்தா விட்டுத் தந்திருப்பன், அக்கா. அத்தான் பாத்த வீடெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தாக் காணும்."

"தெரியும். நீ தந்திருப்பாய். தந்து வாங்கினா அது நீ தந்த வீடு."

"அது அவ்வளவு கேவலமோ?"

"உன்னட்டை எல்லாம் இருக்கு, உதயா. தாறதுக்கும் உன்னட்டைத்தான் இருக்கு. எனக்கு அதுதான் ஏலாமப் போச்சு."

பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. நல்ல பக்கம். சாருகா அதைச் சொல்ல வாயெடுத்து, இருவரையும் பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்டாள். உதயா பானையை இறக்கினாள், வழிந்ததைத் துடைத்தாள், அடுப்பு மினுங்கும்வரை துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு முதல் குவளைப் பாலைக் கொண்டுவந்து வாசலில் நின்ற அக்காவிடம் நீட்டினாள். சத்தியபாமா வாங்கிக் குடித்தாள். சீனி அதிகம். உதயா எப்போதும் சீனியை அள்ளித்தான் போடுவாள்.

புறப்படும் நேரம் சத்தியபாமா மேலதிகத் திறப்பு ஒன்றை எடுத்து, ஏதோ சில்லறைச் சாமான் கொடுப்பது போல நீட்டினாள். தனியாக இருக்கிறவளின் வீட்டுத் திறப்பு ஒன்று இன்னொருவரிடம் இருக்கவேண்டும், விழுந்து கிடந்தால் யார் வந்து பார்ப்பது என்றாள். உதயா உள்ளங்கையில் வைத்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. தன்னுடைய கார்த் திறப்புக் கொத்தில் சேர்த்துக்கொண்டாள்.

அடுத்த கோடையில் உதயாவும் சந்திரகுமாரும் ஸ்டோவ்னரில் வீடு வாங்கினார்கள். இந்த முறை வாங்கும் முன்னமே ஊர் முழுக்கச் சொன்னார்கள். கண்ணூறு ஒன்றும் வரவில்லை. சந்திரகுமார் சபைகளில் மறுபடியும் சில்லுகளைப் பற்றிக் கதைக்கிறார். மச்சாள் பக்கம் மட்டும் திரும்ப மாட்டார். உதயா ஞாயிற்றுக்கிழமைகளில் கறி கொண்டு வருவாள். பெரும்பாலும் இறால். சத்தியபாமா அதைச் சாப்பிட்டுவிட்டு நல்லாயிருக்கிறது என்று சொல்லப் பழகிக்கொண்டாள். அது இன்னும் தொண்டையில் ஒரு கணம் நின்றுதான் இறங்கும்.

கொத்தில் அந்தத் திறப்பு இருக்கிறது. லிஃப்டால் வந்து கதவுக்கு முன்னால் நிற்கும்போது அது உதயாவின் விரலில் தொங்குவது உள்ளே நிற்கும் சத்தியபாமாவுக்குக் கதவுக் கண்ணுக்குள்ளால் தெரியும். உதயா மணியை அடித்துவிட்டு, அக்கா வந்து திறக்கும்வரை கால்மிதியின் மேல்தான் நிற்கிறாள். இன்றைக்கும்.